பகல் 11.20

மக்களே,

இதைக் கடிதமாக எழுதித் தபாலில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டு விலாசத்துக்குப் போட்டால் மருமகள் பிரிப்பாள், ஆபீஸ் விலாசத்துக்குப் போடலாம் என்றால்... சரி, அது இருக்கட்டும். போனிலேயே எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதே.

இங்கே மூன்று நாளாக விடாத மழை. ரப்பர் வெட்டு இல்லை. கிணற்றடியில் நின்ற மட்டி வாழை குலையோடு சாய்ந்துவிட்டது, காய் விளையவுமில்லை. அம்மாவுக்கு முட்டுவலி பழையபடிதான். அக்கா சனிக்கிழமை வந்து போனாள். வேறு விசேஷம் இல்லை. மதியச் சோற்றை வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காப்பி குடித்துக்கொண்டு இருக்காதே.

நீ தந்துவிட்டுப் போன மஞ்சள் பெட்டி, அந்த ஸ்விட்ச் என்கிற விளையாட்டுக் கருவியைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன வருஷம் பாசியில் வழுக்கி கால் ஒடிந்து கிடந்தபோது கொண்டுவந்தாய். "அப்பா, இதுல 51 விளையாட்டு உண்டு, செஸ், லூடோ, கேரம், சீட்டு எல்லாம்" என்றாய். எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. அப்பனைப் பார்க்க நாலு நாள் லீவு போட முடியாதவன் பொம்மைப் பெட்டி கொண்டு வந்திருக்கிறான் என்று அக்காவிடம் சொன்னேன், அவள் உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். இப்போது அந்த ஸ்விட்ச் இல்லாமல் எனக்கு மத்தியானம் போவதில்லை.

முதல் விளையாட்டே மங்காலா. பார்த்ததும் அம்மா "இது நம்ம பல்லாங்குழில்லா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கத்துக்கு ஏழு குழி இல்லை, ஆறுதான், குழிக்கு நாலு முத்து, கடைசி முத்து நம் கிடங்கில் விழுந்தால் இன்னொரு ஆட்டம் கிடைக்கும். இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, வெறுங்குழியைத் தடவி அடுத்த குழியை எடுக்க விடாத பல்லாங்குழி என்ன பல்லாங்குழி என்று எழுந்து போய்விட்டாள். ஆனாலும் நான் தூங்கும்போது எடுத்து ஆடுகிறாள், ஜெயித்த கணக்கு அதில் கூடியிருக்கிறது. லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும், நம் தாயத்தில் ஒன்று விழ வேண்டும். ஒன்றாகவே விழுந்து பழகின எனக்கு லூடோ ஒத்துவரவில்லை. கேரமும் உண்டு, ஆனால் பவுடர் இல்லை, விரல் நகம் வலிப்பதில்லை, அதெல்லாம் ஒரு கேரமா. நீ பிளஸ் டூ படிக்கும்போது மார்த்தாண்டத்தில் வாங்கின கப் ஷோகேஸில் அப்படியே இருக்கிறது, வருகிறவர்களிடம் எல்லாம் நான்தான் எடுத்துக் காட்டுவேன், அம்மா காட்ட மாட்டாள்.

இதைச் செய்கிற நின்டெண்டோ கம்பெனியே 1889-ல் ஜப்பானில் கியோட்டோவில் பூப்படம் போட்ட சீட்டு செய்யத் தொடங்கின கம்பெனிதான் என்று நீ சொன்னதை வாசகசாலையில் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. அந்தப் பூச்சீட்டும் இதில் உண்டு. மாதத்துக்கு நாலு வீதம் 48 சீட்டு. ஆடத் தெரியாது, படம் பார்ப்பதோடு சரி. நம் ஊர்ச் சீட்டாட்டமான இருபத்தெட்டு மட்டும் இல்லை. உலகத்துச் சீட்டை எல்லாம் தேடிப் போட்டவர்கள் திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் ஒரு தடவை பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்திருக்கலாம்.

அதில் நண்பர்கள் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. என் பட்டியலில் ஒரே ஆள் நீதான். நீ விளையாடிக்கொண்டிருந்தால் ஆன்லைன் என்று காட்டும், என்ன விளையாட்டு என்றும் காட்டும். இல்லாவிட்டால் கடைசியாக எத்தனை மணி நேரத்துக்கு முன் வந்தாய் என்று இருக்கும். இது நீ சொல்லித் தந்ததில்லை, நானே கண்டுபிடித்தது. நீ போன் பண்ணாத ஞாயிற்றுக்கிழமைகளில் (எத்தனை ஞாயிறு என்று நான் சொல்ல வேண்டாம்) அதைத் திறந்து பார்ப்பேன். 3 மணி நேரத்துக்கு முன் என்று இருந்தால் "பிள்ளை நல்லா இருக்கான்" என்று அம்மாவிடம் சொல்வேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்பதில்லை.

ஆவணி பிறந்ததிலிருந்துதான் ஒரு மாதிரி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பகல் 11.20-க்கு ஆன்லைன். புதன் 10.45. வியாழக்கிழமை மூன்று மணி வரைக்கும். நான் குறித்து வைக்கவில்லை, கணக்கெழுதின கை, மனதில் தானாக நின்றுவிடுகிறது. நீ எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறாய் என்று உன் பக்கத்தில் இருக்கிறது, சித்திரையில் 45 என்று இருந்தது இப்போது 200-ஐத் தாண்டிவிட்டது. ஓணத்துக்கு வரச் சொன்னால் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றாய்.

லீவாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் ஆபீஸிலேயே விளையாட இடம் வைத்திருப்பார்களாமே, அதுவாக இருக்கும் என்றும் நினைத்தேன். பெட்டியை யாருக்காவது இரவல் கொடுத்திருப்பாய் என்றுகூட நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை அம்மா வேறொரு விஷயத்துக்கு மருமகளைக் கூப்பிட்டாள். "அவங்க ஆபீஸ் போயிட்டாங்க அத்தை, டப்பாவில சோறு குடுத்து விட்டிருக்கேன்" என்று அவள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்போது பெட்டி என் மடியில் திறந்து இருந்தது. உன் பெயருக்குக் கீழே ஆன்லைன்.

நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்துக்கொள். வீட்டுக்கு நீ அனுப்புகிற பணம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஒண்ணாம் தேதி காலையிலேயே வந்துவிடுகிறது. முன்பெல்லாம் மூன்று, நாலு ஆகும். அதுதான் எனக்கு இடிக்கிறது. டப்பாச் சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்றுகூட நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த அண்டியாபீஸை, அந்த முந்திரிப் பருப்புக் கம்பெனியை, எப்போது பூட்டினார்கள் என்று அம்மாவைக் கேட்டால் 2004 கார்த்திகை என்பாள். அக்காவும் அதையேதான் சொல்வாள். பூட்டியது ஆடியில். முதலாளி ஒரு நாள் காலையில் வரவில்லை, மறுநாள் கேட்டில் பூட்டு, அவ்வளவுதான். நாலு மாதம் நான் காலையில் குளித்து, சட்டை தேய்த்துப் போட்டு, குடையும் சோற்றுப் பாத்திரமும் எடுத்து இறங்கினேன். போனது ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்கு. வெட்டுகாரர்கள் பால் எடுத்து ஊற்றி ஆசிட் விட்டுவிட்டால் அது உறையும் வரை வேலை இல்லை, இருபத்தெட்டு ஆடுவார்கள், ஒரு கை குறைந்தால் நான். மழை என்றால் வெட்டே இல்லை, காலையிலிருந்து ஆட்டம்தான். காசு வைத்து ஆடவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்கிறேன். தோற்றால் காதில் இலையைச் சுருட்டி மாட்டுகிற குணுக்கு, அவ்வளவே. மாதம் பிறந்தால் சம்பளம் என்று அம்மா கையில் நான் கொடுத்தது கருங்கல் மாமாவிடம் வாங்கியது. அந்தப் பிணக்கு எங்கே தொடங்கியது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

உனக்கு இதில் பாதி தெரியும். பத்து வயது உனக்கு. கால் பரீட்சை, மத்தியானமே விட்டுவிட்டார்கள், நீ ரப்பர் தோட்டத்துக் குறுக்கு வழியாக வந்தாய். அந்த ஆட்டம்கூட எனக்கு மறக்கவில்லை. கையில் கிளாவர் ஒன்பது இருந்தது, அதைவிடப் பெரிய சீட்டான ஜாக்கி கூட்டாளியிடம் இருக்கும் என்று நம்பி கிளாவரைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்து 18 கேட்டேன். ஜாக்கி இருந்தது எதிராளியிடம். பிலா இலையைச் சுருட்டி என் காதில் மாட்டிவிட்டு எல்லாரும் சிரிக்கிறார்கள், நிமிர்ந்தால் நீ பையோடு நிற்கிறாய். நீ ஒன்றும் கேட்கவில்லை. என் காதைத்தான் பார்த்தாய். குணுக்கைக் கழற்றவும் மறந்து உன் கையைப் பிடித்து முக்குக் கடைக்குக் கூட்டிப்போனேன். ரசவடை வாங்கித் தந்து, "அப்பாக்கு இன்னைக்கு லீவு மக்களே, அம்மைகிட்ட சொல்லண்டாம்" என்றேன். தலையாட்டினாய்.

21 வருஷம். அம்மாவோடு சண்டை போட்டபோதும் சொல்லவில்லை, உன் கல்யாணப் பேச்சில் நாலு பேர் முன்னால் நான் உன்னைப் பொய்யன் என்று திட்டினபோதும் சொல்லவில்லை. நீ ரசவடை தின்பதை விட்டது எப்போதிலிருந்து என்றும் எனக்குத் தெரியும். பிள்ளை அழுத்தமானவன், ஒரு வார்த்தை வெளியே போகாது என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு தகப்பன் கொடுத்து வைக்கிற காரியமா அது. நான் செய்தேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் கதையை மட்டும்தான், உன் பேரை எடுக்கவில்லை. பகல் முழுக்க ஒன்றும் பேசவில்லை. ராத்திரி கஞ்சி ஊற்றும்போது, "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். கடனைப் பற்றிக் கேட்கவில்லை, சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கப்புறம் இதை எழுதுகிற வரைக்கும் என்னோடு பேச்சில்லை.

புதன்கிழமை பகல் 11 மணிக்கு நான் பெட்டியைத் திறந்து வைத்திருப்பேன். கேரமுக்கு ஒரு அறை போட்டு வைக்கிறேன், நீயாக வந்து சேர்ந்துகொள். அதில் பேச வழி கிடையாது, அது நல்லதுதான். உன் ஆன்லைன் குடும்ப மெம்பர்ஷிப்பில் என்னையும் சேர்த்திருக்கிறாய், முடியும்போது புதுப்பிக்க வேண்டாம், வீண் செலவு, அதுவரைக்கும் ஆடலாம். ஒரு மணி ஆனால் நிறுத்திவிட்டு டப்பாவைத் திற.

அப்பா

பி.கு: அம்மா போன வாரமே முந்திரிக்கொத்து செய்து தகர டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். பெங்களூர் பஸ்ஸில் கொடுத்துவிடவா, இல்லை நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? வந்தால் எத்தனை நாள் லீவு என்று நான் கேட்க மாட்டேன்.