வரைபட ஓட்டத்தை வேகப் போட்டியாக மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகர வீதிகளில் அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் நடைபெற்ற, ஓரியன்டியரிங் எனப்படும், படத்தில் குறித்த இடங்களைத் தேடிச் செல்லும் வரைபட ஓட்டத்தில் நானும் கலந்துகொண்டேன். அடுத்த முறை எல்லோரும் ஒரே வரிசையில் எல்லா இடங்களையும் சுற்றிவர வேண்டும், முதலில் வருபவருக்கே பரிசு என்று விதியை மாற்றுமாறு இளைஞர்கள் சிலர் கேட்பதாக அறிகிறேன். அவ்வாறு மாற்ற வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இம்முறை ஒரு மணித்தியாலம் தரப்பட்டது. வரைபடத்தில் வட்டமிட்ட இடங்களில் எதற்கு முதலில் போவது, எதை விட்டுவிடுவது என்பது அவரவர் விருப்பம். தொலைவிலுள்ள இடங்களுக்குப் புள்ளி கூட, பிந்தி வந்தால் நிமிடத்துக்கு நிமிடம் புள்ளி வெட்டு. அந்தந்த இடத்து மின்கம்பத்தின் இலக்கத்தைக் குறித்து வந்தால் போதும். (கம்பத்தடியில் படுத்திருக்கும் மான்களை எழுப்பாமல் அதை வாசிப்பது தனித் திறமை.) ஓடக்கூடியவர்கள் உவர்மலை ஏற்றம் வரை போய் வந்தார்கள், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தாய் ஒருவர் மத்திய வீதியை அண்டிய ஒழுங்கைகளோடு நின்றுகொண்டார். இருவருக்கும் அது நிறைவான மாலையாகவே இருந்தது. வரிசை கட்டாயமானால், கடைகளும் முச்சக்கர வண்டிகளும் நெருக்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே ஒழுங்கைக்குள் முட்டி மோதுவார்கள். அந்தத் தாய் மறுமுறை வரமாட்டார்.

நீண்ட காலம் புவியியல் கற்பித்தவள் என்பதால் இன்னொன்றையும் கவனித்தேன். பரீட்சைக்காக 1:50,000 இடவிளக்கப் படத்தை மனப்பாடமாகப் படித்த மாணவர்கள், ஒரு சென்ரிமீற்றர் வெறும் 40 மீற்றரைக் குறிக்கும் 1:4,000 படத்தைக் கையில் வாங்கியதும் திகைத்தார்கள். படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கோடு பொருந்துமாறு படத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றவில்லை. ஒரு மாணவி தண்ணீரைக் கண்டதும் அதுதான் கிழக்கு என்று நடக்கத் தொடங்கினாள். அவள் கண்டதோ மேற்கே உள்ள உட்துறைமுகம். இரு புறமும் கடல் சூழ்ந்த எங்கள் ஊரில் இது எவருக்கும் நேரக்கூடியதே. ஆனால் அவள் நின்று, படத்தைத் திருப்பி, கோவில் எந்தப் பக்கம் என்று பார்த்து, தானாகவே வழியைச் சரிசெய்துகொண்டாள். முந்துவதே குறியாக இருந்திருந்தால் அவள் முன்னால் ஓடுபவரின் முதுகைத்தான் பார்த்திருப்பாள்.

படையினர் நிலைகொண்டுள்ள கோட்டைப் பகுதியை ஏற்பாட்டாளர்கள் முற்றாகத் தவிர்த்தது பாராட்டத்தக்கது. ஆயினும், படத்தில் நுழையக்கூடாத தனியார் வளவுகளைக் குறிக்கும் ஒலிவ் பச்சையும் திறந்த வெளியைக் குறிக்கும் மஞ்சளும் தெருவிளக்கின் மஞ்சள் ஒளியில் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒரு வீட்டுப் படலையடியில் இருவர் தயங்கி நின்றதை நேரில் கண்டேன். ஆறு மணி கடந்தால் விரைவில் இருட்டிவிடுகிற ஊர் இது. ஆகவே அடுத்த முறை ஐந்து மணிக்கே தொடங்குவதுடன், அந்த வளவுகளின் மேல் கறுப்புக் கோடுகளும் இட்டு அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
திருகோணமலை.