கூலி தராதவர் பெயரும் அச்சில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடகு வைத்த நகையை மீட்க முடியாதவர்களின் பெயர்கள், கடன் எண்ணோடு ஏல அறிவிப்பாக நாளிதழ்களில் வெளிவருவதை நாம் வழக்கமாகப் பார்க்கிறோம். வீட்டுக் கடனைக் கட்டத் தவறியவரின் முகவரியும் பாக்கித் தொகையும்கூட அப்படியே அச்சாகின்றன. ஆனால், வேலை வாங்கிக்கொண்டு குறைந்தபட்ச ஊதியத்தைத் தராத நிறுவனம் எது, எத்தனை பேருக்கு எவ்வளவு பாக்கி வைத்தது என்பதை, அரசு அதிகாரியே விசாரித்து உத்தரவிட்ட பிறகும், பொதுமக்கள் எளிதாகத் தெரிந்துகொள்ள வழி இல்லை. இந்த விவரங்களைக் கட்டாயமாக வெளியிடத் தமிழக அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஊதியத் திருட்டு பெரும்பாலும் ஓசையில்லாமல் நடப்பது. காவல் பணியாளர் பன்னிரண்டு மணி நேரம் வாசலில் நிற்பார். வருகைப் பதிவேட்டில் எட்டு மணி நேரம்தான் இருக்கும். மீதி நேரத்துக்கு இரட்டிப்பு விகிதத்தில் சேர வேண்டிய ஓவர்டைம் எந்தக் கணக்கிலும் வராது. துப்புரவுப் பணியாளரின் வங்கிக் கணக்கில் முழுத் தொகையும் ஏறும். அன்று மாலையே மேற்பார்வையாளர் வந்து அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிச் செல்வார். ஆய்வுக்கு வரும் அதிகாரி வங்கிப் பட்டியலை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இவற்றை நிரூபிப்பதைக் காட்டிலும், நிரூபித்து உத்தரவு வாங்கிய பின் பணத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் கடினம்.

சட்டம் போதாதா என்று கேட்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மத்திய அரசின் ஊதியச் சட்டத்தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கச் சொல்கிறது. பாக்கியைப் போல் 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்க இடம் தருகிறது. ஊதியத்தைக் கொடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியிடமே வைக்கிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால், குறைத்துக் கொடுத்து முதன்முறை பிடிபடுபவருக்கு அதிகபட்சத் தண்டனை 50,000 ரூபாய் அபராதம் மட்டுமே. அதிலும் பாதியைக் கட்டிச் சமரசம் செய்துகொள்ளலாம். நூறு பேரிடம் மாதம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்ததாரருக்கு அந்தப் பாதித் தொகை ஒரு மாத ஆதாயத்தில் கால் பங்குதான். பாக்கியைக் கொடுக்கச் சொன்ன உத்தரவை மதிக்காவிட்டால், நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கும்படி மாவட்ட ஆட்சியருக்குச் சான்று போகும். அங்கே அது மற்றக் கோப்புகளோடு வரிசையில் நிற்கும். அதற்குள் அந்த ஒப்பந்ததாரர் மைத்துனர் பெயரில் வேறொரு நிறுவனம் தொடங்கி அடுத்த டெண்டரையும் எடுத்துவிடுவார். அதனால்தான் அரசு வெளியிடும் பட்டியலில் நிறுவனத்தின் பெயரோடு, அதன் உரிமையாளர் யார், யாருடைய வளாகத்தில் அந்த வேலை நடந்தது என்பதும் இடம்பெற வேண்டும் என்கிறேன்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இத்தகைய விவரங்கள் தொழில் ரகசியமாகக் கருதப்பட்டு மறைக்கப்பட்டன. 2017-இல் அந்த மாநிலம் தனிச்சட்டமே இயற்றி அந்தத் திரையை விலக்கியது. பிரிட்டன் அரசு, குறைந்தபட்ச ஊதியம் தராத நிறுவனங்களின் பெயர், பாக்கித் தொகை, பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆகியவற்றை வெளியிட்டு வருகிறது. பெயர்பெற்ற பெரிய நிறுவனங்களும் அதில் இடம்பெற்றதுண்டு. நம் நாட்டில் தொழிலாளர் நலன், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த நம் சட்டப்பேரவைக்கு இது இயலாத காரியமல்ல.

பெயர் வெளியானால் தொழில் கெடும் என்பார்கள். நகை ஏலத்தில் பெயர் வந்த குடும்பத்துக்கும் ஊரில் மானம் உண்டு. அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை விடக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அப்படிப்பட்ட செயலை வியாபார ரகசியமாகப் பாதுகாக்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை.

அதேசமயம், புகார் வந்தவுடன் பெயரைப் போடுவதும் முறையல்ல. மேல்முறையீட்டுக்கான 90 நாள்கள் முடிந்த பிறகோ, மேல்முறையீடு தள்ளுபடியான பிறகோ வெளியிடலாம். பாக்கியைத் தீர்த்தவரின் பெயருக்கு எதிரே தீர்த்த தேதியையும் குறிக்கலாம். அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் இந்தப் பட்டியலைச் சரிபார்த்த பின்னரே பணி ஆணை வழங்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். மனுதாரர்களான தொழிலாளர்களின் பெயர்கள் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அதில் வரக் கூடாது. வந்தால், அடுத்த வேலை கேட்டு அவர்கள் போகும் இடங்களில் எல்லாம் அதே பட்டியல் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்