அந்த 12 அடிச் சுரங்கத்தில் நான் ஏன் நிற்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் மெசா வெர்டேவுக்கு, பழங்குடி மக்கள் செங்குத்துப் பாறைகளின் குடைவுகளில் கட்டிய அந்த வீடுகளைப் பார்க்க, நாம் போய்வந்து இந்த ஜூன் மாதத்தோடு பத்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கல்யாண வீடுகளிலும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவளே நீதான். அக்காவை இருட்டில் விட்டுவிட்டுப் போனவன் என்ற பெயரும் எனக்கு அதில்தான் கிடைத்தது.

அங்கே நாம் பார்த்த பாறைவீடான பால்கனி ஹவுஸிலிருந்து வெளியேறும் வழியின் நீளம் 12 அடி, அகலம் 18 அங்குலம். அங்கே குடியிருந்தவர்கள் தவழ்ந்து நுழைந்த வாசல் அது. நடுவழியில் நீ, "நில்லுடா, மூச்சு முட்டுது" என்றாய். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை நாள் சொன்னது பொய். திரும்ப இடமில்லை என்பது மட்டும் உண்மை; ஆனால் பதில் குரல் கொடுக்க இடம் எதற்கு? எதிரே தெரிந்த வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல், உள்ளங்கையில் மணற்கல் பொடி ஒட்ட ஒட்டத் தவழ்ந்து வெளியே வந்து, முதல் வேலையாக சோடா பள்ளத்தாக்கைப் படம் எடுத்தேன். மன்னித்துக்கொள்.

ஆனால் அதற்கு முன்பு 32 அடி ஏணியின் பாதியில் என் கால் நடுங்கியபோது, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு நடுவே கீழே நின்று சிரித்தாயே, அது ஏன் உன் கதையில் வருவதே இல்லை?

அன்று வழிகாட்டி சொன்னதை நான் மறக்கவில்லை. 1276 முதல் 1299 வரை நீடித்த வறட்சியை மர வளையங்கள் காட்டுகின்றன. அந்தத் தலைமுறையோடு மக்கள் தெற்கே போய்விட்டார்கள். ஆனால் 'மறைந்துபோனார்கள்', 'கைவிட்டார்கள்' என்று சொல்லாதீர்கள், ஹோப்பி, சூனி பழங்குடி மக்களுக்கும் ரியோ கிராண்டே கரையின் பியூப்ளோ ஊர்களுக்கும் இது இன்றும் மூதாதையர் வீடு என்றார். எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியது நீ. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் போனவர்களுக்குக் காட்டிய அந்தப் பெருந்தன்மையில் எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

அன்றிரவு பக்கத்து ஊரான கார்ட்டெஸில், விடுதியில் நீ கேட்ட கேள்வியை இங்கே எழுத மாட்டேன். நம் சொந்தக்காரர்கள் சிலரும் இதைப் படிக்கிறார்கள். 'ஆம்' என்பதே என் பதில் என்று மட்டும் வைத்துக்கொள்.

சுவரின் மண் பூச்சில் பதிந்திருந்த விரல் தடத்தை முதலில் கண்டவள் நீ. தொடக் கூடாது என்பதால் உன் சுட்டுவிரலை அதற்கு நேரே ஒரு நூலிழை தள்ளிப் பிடித்து, "என் விரல் அளவுதான்டா" என்றாய். அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறேன். ஒருவருக்குத்தான் முன்பதிவு செய்திருக்கிறேன். உன்னைக் கேட்க நினைத்து இரண்டு முறை அலைபேசியை எடுத்து, கீழே வைத்துவிட்டேன். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

உன் தம்பி