காரிலிருந்து வரும் என்ர குரல் ஏன் கிணற்றுக்குள் கேட்கிறது?

ஸ்காபரோ, ரொறன்ரோ
தை மாதம், ஞாயிறு பகல்

அன்பின் தம்பி அறிவது,

நாங்கள் இங்கு நலம். நீயும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறோம். "அண்ணா காரிலிருந்து எடுத்தால் கிணற்றுக்குள் நின்று கதைக்கிற மாதிரி இருக்கு, அம்மா பாதி விளங்காமலே ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறா" என்று எழுதியிருந்தாய். இது எங்கட வீட்டுக் கதை மட்டும் இல்லை, இங்கே கார் வைத்திருக்கிற கனபேருக்கு இருக்கிற கரைச்சல். திருத்த ஏலும். விவரமாய் எழுதுகிறேன், உன்ர காருக்கும் உதவும்.

காரில் இருந்துதான் எடுக்க வேண்டுமா என்று கேட்பாய். இப்ப குளிர்காலத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். இங்கே வேலைக்குப் போகிற காலை 7 மணி உங்களுக்குப் பின்னேரம் 5:30. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற 6 மணி உங்களுக்கு விடிய 4:30. ஆகவே 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டு போகிற அந்த நேரம்தான் ஊரோடு கதைக்க வசதி. பங்குனியில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினால் இங்கத்தைய காலை 7 மணி உங்களுக்குப் பின்னேரம் 4:30 ஆகும்.

போனைக் கையில் பிடிக்கவே கூடாது. சிவப்பு விளக்கில் நின்றாலும் கூடாது. ஒன்ராறியோவில் முதல் தடவை பிடிபட்டால் 615 டொலரில் இருந்து 1000 டொலர் வரை தண்டம், 3 குற்றப்புள்ளி, 3 நாளைக்கு லைசென்ஸ் இல்லை. இரண்டாம் தடவை லைசென்ஸ் 7 நாளைக்குப் போகும். அதனால் எல்லோரும் காரின் புளூரூத்தில்தான் கதைக்கிறோம்.

முதலில் ஒரு விஷயம். என்ர குரல் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பது காருக்குள் இருக்கிற எனக்குத் தெரியவே தெரியாது. உன்ர குரல் எனக்கு மணி மாதிரிக் கேட்கும். நான் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் குறையைச் சொல்ல வேண்டியவன் நீதான், அதுவும் சரியாய்ச் சொல்ல வேண்டும். "வடிவாய்க் கேட்கவில்லை" என்றால் எதைத் திருத்துவது? எதிரொலியா, இரைச்சலா, வெட்டி வெட்டி வருகிறதா, மூக்கடைத்த மாதிரியா என்று பிரித்துச் சொல். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

எதிரொலியில் ஒரு கணக்கு இருக்கிறது. நீ கதைத்தது உனக்கே திரும்பிக் கேட்டால் பிழை என்ர பக்கம்: என்ர ஸ்பீக்கரில் வந்த உன்ர குரலை என்ர மைக் திரும்பப் பிடித்து அனுப்புகிறது. நான் கதைத்தது எனக்குத் திரும்பிக் கேட்டால் பிழை உங்கட பக்கம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருக்கிறா என்று அர்த்தம். கனபேர் இதை மாறி விளங்கிக்கொண்டு, தங்களுக்கு எதிரொலி கேட்டவுடன் தங்கட போனை மாற்றுகிறார்கள். காசுதான் வீண்.

காரின் செற்றுக்குள் (டாஷில் இருக்கிற ரேடியோப் பெட்டிக்குள்) எதிரொலியை அழிக்கிற ஒரு வேலை நடக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகிற சத்தம் எது என்று செற்றுக்குத் தெரியும். அது காருக்குள் பட்டுத் தெறித்து மைக்குக்கு எப்படி வருகிறது என்று கணித்து, அந்த அளவைக் கழித்துவிடும். அழைப்புத் தொடங்கி ஓரிரு செக்கன் அது பழகிக்கொள்ள வேண்டும். ஆகவே முதல் "ஹலோ" மட்டும் எதிரொலித்துப் பிறகு நின்றால் கவலைப்படாதே. தொடர்ந்து கேட்டால் முதல் சந்தேகம் வொலியூம். ஸ்பீக்கர் கரகரக்கிற அளவுக்குக் கூட்டினால், அந்தக் கரகரப்பு செற் அனுப்பிய சத்தத்தில் இல்லாத புதுச் சத்தம். அதைக் கழிக்க ஏலாது. தனி அம்பிளிபயர், பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாம் பூட்டிய காரில் எதிரொலி கூட வருவதும் இதனால்தான். கதைக்கும்போது அவற்றை நிற்பாட்ட வேண்டும்.

வொலியூம் இரண்டு இடத்தில் இருக்கிறது: போனில் ஒன்று, செற்றில் ஒன்று. அழைப்பு வொலியூம் பாட்டு வொலியூமில் இருந்து தனி. பல செற்றுகளில் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் அதை மாற்றலாம். போனில் முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, செற்றில் தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுவது நல்லது. போனில் குறைத்து செற்றில் முறுக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இனி மைக். குரல் கெடுவதில் பெரும்பகுதி இங்கேதான். காரோடு வருகிற மைக் கனக்கக் கார்களில் முன்கண்ணாடிக்கு மேலே, உள்விளக்குக்குப் பக்கத்தில், நாலைந்து சின்னத் துளைக்குப் பின்னால் இருக்கும். குளிர்காலத்தில் கண்ணாடிப் பனி உருக விசிறியை உச்சத்தில் விடுவோம். அந்தக் காற்று கண்ணாடியில் பட்டு, மேலே ஏறி, கூரையோடு திரும்பும்போது அந்தத் துளைகளைத்தான் நேரே அடிக்கும். உங்களுக்கு அது கடற்கரையில் நின்று கதைக்கிற மாதிரிக் கேட்கும். கண்ணாடி தெளிந்த பிறகு காற்றைக் காலுக்குத் திருப்பி, விசிறியை 1 அல்லது 2 இல் வைத்துவிட்டு அழைப்பு எடுத்தால் பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீரும். மார்கழி தையில் சூரியன் தாழ நிற்பதால் கண் கூசாமல் மறைப்பை இறக்கிவிடுவோம். சில காரில் அந்த மறைப்பே மைக்கை மூடிவிடும். டாஷ்காமை (ரோட்டைப் படம்பிடிக்கிற சின்னக் கமெராவை) அந்த இடத்தில் ஒட்டுவதும், பளபளப்புத் தெளிக்கிற திரவத்தைத் துளைக்குள் அடிப்பதும் அப்படித்தான். துளையைத் துப்புரவாக்க உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். ஊசியால் குத்தாதே, உள்ளே இருக்கிற தகடு ஓட்டையாகிவிடும்.

பழைய காரில் செற்றை மாற்றினால் கதை வேறு. மலிவுச் செற்றுகளில் மைக் முகப்பிலேயே ஒரு ஊசித்துளையாய் இருக்கும். அங்கிருந்து ஓட்டுபவரின் வாய்க்கு ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். பக்கத்திலேயே காற்று வருகிற வாய், கீழே கியர். அதைப் பாவிக்காதே. வெளி மைக் ஒன்று பூட்டு. 70 சென்ரிமீற்றரில் இருக்கிற மைக்கை 35 க்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் கூடும், காரின் இரைச்சல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். செற்றின் மெனுவில் இருக்கிற மைக் கெயினை (மைக்கில் வருகிற சத்தத்தைப் பெருக்குகிற அளவை) கூட்டி இதைச் செய்ய ஏலாது. கெயின் குரலையும் இரைச்சலையும் ஒரே அளவாய்த்தான் தூக்கும், அளவு மீறினால் குரல் வெடிக்கும். நடுவில் வைத்துத் தொடங்கு. குரல் வெடித்தால் ஒரு படி இறக்கு.

எங்கே பூட்டுவது? நல்ல இடம் இரண்டு: முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் இருக்கிற தூணின் மேல்முனை, அல்லது ஸ்ரியரிங் தண்டின் மேல்மூடி. தூணில் வைத்தால் முகத்துக்குக் கிட்ட, ஆனால் பக்கத்து யன்னலின் காற்றுச் சத்தம் ஏறும். ஸ்ரியரிங் தண்டில் வைத்தால் காற்று குறைவு, வயர் ஓட்டமும் கிட்ட. ஆனால் ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது கை இடையில் வந்து மறைக்கும். நெடுஞ்சாலை ஓட்டம் கூட என்றால் நான் ஸ்ரியரிங் தண்டைத்தான் தெரிவு செய்வேன். எங்கே வைத்தாலும் மைக்கின் முகம் வாயைப் பார்க்க வேண்டும், ஸ்பீக்கரைப் பார்க்கக் கூடாது. தலையில் சின்ன ஸ்பொஞ்ச் தொப்பி ஒன்று போட்டால் காற்று அடிப்பது குறையும்.

வயர் ஓட்டும்போது கவனம். அந்தத் தூணுக்குள் பல கார்களில் பக்கத்து எயார்பாக் மடித்து வைத்திருக்கும். வயர் எயார்பாக்குக்கு முன்னால் குறுக்கே போகவே கூடாது. பின்னால், கொம்பனி வயர்க்கட்டோடு சேர்த்து பிளாஸ்ரிக் பட்டியால் கட்டிக்கொண்டு போக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வடிவாய்த் தெரியாவிட்டால் மூடியைக் கழற்றாதே, ஸ்ரியரிங் தண்டோடு நிற்பாட்டு. மைக் வயரைப் பற்றரி வயருக்குப் பக்கத்தில் நீட்டுக்கு ஓடவிட்டால் எஞ்சின் வேகம் ஏற ஏற "உய்ய்ய்" என்று ஒரு சத்தமும் ஏறும். கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாய்க் கடக்கவிடு. மிச்ச வயரைச் சுருட்டித் துணி ரேப்பால் சுற்றிவை, இல்லாவிட்டால் டாஷுக்குள் டக டக என்று அடித்து அதுவும் மைக்கில் ஏறும். இங்கே இந்த வேலையை வெளியில் நின்று செய்ய ஏலாது: குளிரில் பிளாஸ்ரிக் கொக்கிகள் பட்டுப் பட்டென்று உடையும், ஒட்டும் ரேப்பும் பிடிக்காது. உனக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் உன்ர வெயிலுக்கு டாஷ் மேல் ஒட்டின ரேப் இளகும். ஒட்ட முதல் அல்ககோலால் துடைத்துக் காயவிடு.

"பாட்டு அவ்வளவு வடிவாய்க் கேட்கிறதே, கதை மட்டும் ஏன் இப்படி?" என்றும் கேட்டிருந்தாய். பாட்டு ஒருவழிப் பாதையில் போகிறது, அதுக்கு இடம் தாராளம். கதை இரண்டு பக்கமும் போக வேண்டும், தாமதிக்கவும் கூடாது, அதனால் புளூரூத் அதுக்கு வேறொரு ஒடுக்கமான வழியைக் கொடுக்கிறது. பழைய முறையில் குரலைச் செக்கனுக்கு 8,000 தரம்தான் அளந்து எடுக்கும். 3,400 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிற கூர்மையான சத்தம் ஒன்றும் போகாது. ச, ஸ, ஃப போன்ற சத்தங்களின் உயிர் அதுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே அம்மாவுக்குப் பேர்கள் மாறிக் கேட்பதில் அவவின் காதில் குறை இல்லை. 2011 இல் வந்த புளூரூத் விதிமுறையில் செக்கனுக்கு 16,000 தரம் அளந்து எடுக்கிற அகன்ற குரல் வந்தது. போனும் செற்றும் இரண்டுமே அதை ஏற்றால்தான் நடக்கும். ஒன்று பழசு என்றால் இரண்டும் பழசுக்கு இறங்கிவிடும். வட்ஸ்அப்பில் எடுத்தாலும் இதே கதிதான். இணையத்தில் குரல் அகலமாய் வந்தாலும், காருக்குள் கடைசி ஒரு மீற்றரில் ஒடுங்கிப்போகும். அன்ட்ரொயிட் போனில் "எச்டி ஓடியோ" என்று ஒரு ஆளி இருக்கும். அது பாட்டுக்கு மட்டும், கதைக்கு ஒன்றும் செய்யாது.

ஐபோனும், அதைச் செற்றின் திரையில் ஓடவிடுகிற கார்பிளேயும் இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு: யூஎஸ்பி கேபிளைக் குத்து. கார்பிளே ஓடும்போது கதையும் கேபிளாலேயே போகும், புளூரூத்தின் ஒடுக்கத்தில் இருந்து தப்பும். அன்ட்ரொயிட் போனுக்கு அதே வேலை செய்கிற அன்ட்ரொயிட் ஓட்டோவில் அப்படி இல்லை. கேபிள் குத்தியிருந்தாலும் அழைப்புக் குரல் புளூரூத்தில்தான் போகும். அதுக்கு நல்ல கேபிள் வாங்கிப் பிரயோசனம் இல்லை.

குரல் வெட்டி வெட்டி, ரோபோ மாதிரி வந்தால் மைக்கைக் குறை சொல்லாதே. போன் பின் சீற்றில் பைக்குள் கிடக்கிறதா, இரண்டு போன் ஒரே நேரத்தில் செற்றோடு இணைந்திருக்கிறதா என்று பார். இல்லை என்றால் போனிலும் செற்றிலும் பழைய இணைப்பை அழித்து, இரண்டையும் நிற்பாட்டித் திரும்பப் போட்டு, புதிதாய் இணை. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பழசு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதுக்குப் பிறகும் வெட்டினால் காரில் இருந்து இறங்கி, போனைக் காதில் வைத்து அதே இடத்தில் கதைத்துப் பார். அப்பவும் வெட்டினால் அது கைப்போன் கோபுரத்தின் குறை, காரின் குறை இல்லை. இன்னொன்று: நீயும் நானும் ஒரே நேரத்தில் கதைத்தால் எதிரொலியை அழிக்கிற வேலை குழம்பி, ஒருவரின் குரலை விழுங்கும். அதை எந்தச் செற்றாலும் முழுதாய்த் தீர்க்க ஏலாது. ஒருவர் முடித்த பிறகு மற்றவர் தொடங்க வேண்டும். எங்கட வீட்டில் இது கஷ்டம்தான்.

ரயர்ச் சத்தம் பற்றியும் ஒரு வரி. இங்கே கார்த்திகையில் இருந்து பனிக்கால ரயர் போடுகிறோம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு தருவார்கள். அதன் ஆழமான பல் சில ரோட்டில் ஒரே உறுமலாய் உறுமும். அதை மைக்கால் அழிக்க ஏலாது. வேகம் 100 இல் இருந்து 80 க்கு இறங்கினால் வித்தியாசம் தெரியும்.

இப்ப நீ செய்ய வேண்டியது. வருகிற ஞாயிறு உங்கட நேரம் பின்னேரம் 6:30 க்கு எடுப்பேன்; இங்கே காலை 8 மணி, ரோட்டு வெறுமையாய் இருக்கும். நீ போனைக் காதில் வை, ஸ்பீக்கர் வேண்டாம், அறைக்குள் விசிறியை நிற்பாட்டு. நான் ஐந்து தரம் ஒன்றில் இருந்து பத்து வரை எண்ணுவேன்: நிற்பாட்டின காரில் எஞ்சின் இல்லாமல், எஞ்சின் ஓட, விசிறி உச்சத்தில், 60 இல், 100 இல். ஒவ்வொன்றுக்கும் 10 க்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுது, பக்கத்தில் எதிரொலியா இரைச்சலா வெட்டா என்றும் குறி. முதலாவதிலேயே புள்ளி குறைந்தால் மைக் அல்லது இணைப்பு. மூன்றாவதில் விழுந்தால் காற்று. ஐந்தாவதில் மட்டும் விழுந்தால் ரோட்டுச் சத்தம், அதோடு சமாளிக்க வேண்டியதுதான். பிறகு ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றித் திரும்பப் பார்ப்போம். இரண்டை ஒன்றாய் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. கடைசியில் போனை அம்மாவிடம் கொடு. அவவுக்கு எண்கள் வேண்டாம், ஊர்ப் பெயர்கள் சொல்கிறேன், திருப்பிச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
அன்பின் அண்ணா

பி.கு.: உன்ர செற்றுக்கு மைக் வாங்க முதல் பின்பக்கத் துளையைப் பார். சிலதில் 3.5 மில்லிமீற்றர், சிலதில் 2.5. மைக் வயரின் நுனியில் இருக்கிற குத்தியில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருந்தால் அது கார் செற் மைக். மூன்று வளையம் உள்ளது கைப்போன் ஹெட்செற்றுடையது. அது துளைக்குள் போகும், ஆனால் உன்ர குரல் ஒருவருக்கும் கேட்காது.