பால்கனி ரூம் விஷயமாக

சத்துவாச்சாரி,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கலைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீ, யாழினி, மாப்பிள்ளை எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரு போன், அதுவும் பாதி நேரம் உன் அம்மா கையில். எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். அதனால் நாளைக்குக் காலையில் ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். மாடியில் குடியிருந்தவர்கள் போன மாதம் காலி செய்துவிட்டார்கள். வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். வாடகைக்கு என்று போர்டு மாட்டவில்லை, மாட்டலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய கப்பல் டிக்கெட்டை லாங்கு பஜார் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்தேன். நாலு பக்கம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், மறுபடி சிங்கப்பூர். மூன்று ராத்திரி. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ரூம், ஒன்றில் நானும் அம்மாவும், இன்னொன்றில் நீயும் யாழினியும். 32 வருஷம் டிக்கெட் கிழித்தவன் அல்லவா, முதலில் ஆள் எண்ணிக்கைதான் கண்ணில் படும். நாலு பேர். பெயரெல்லாம் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே சரியாக இருக்கிறது. சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருவதால் எங்கள் விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டுமாம், அதை மட்டும் பார்த்துக்கொள்.

டிப்போ வாசல் டீக்கடையில் சொன்னேன். என்னோடு ரிடையர் ஆன ரெண்டு பேர் இருந்தார்கள். பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் சேர்ந்த கண்டக்டருக்கு அவன் மகள் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா? டீக்காசு நான்தான் கொடுத்தேன். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம். நீ எப்போதுமே செய்து முடித்துவிட்டுத்தான் சொல்வாய்.

சரி, பால்கனி ரூம். எங்கள் ரூமை மாற்ற ஆளுக்கு 210 சிங்கப்பூர் டாலர் போடலாமா என்று கேட்டிருந்தாய். ரெண்டு பேருக்கு 420. நம் காசில் 27,000 சொச்சம், ஒரு ராத்திரிக்கு 9,000. ஆரணியில் நல்ல பட்டுப்புடவையே எடுத்துவிடலாம் என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பால்கனியில் நாற்காலி இருக்குமா என்று கேட்டாள். அவள் ஆசைப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வேலப்பாடி வீட்டை விற்றதிலிருந்து அவளுக்கு உட்கார்ந்து தெரு பார்க்க ஒரு திண்ணை இல்லை.

எதிர்வீட்டுப் பையன் உனக்கு ஞாபகம் இருக்கும், கேட்டரிங் படித்தவன். இப்படிப்பட்ட கப்பலில் ரூம் சுத்தம் செய்யும் வேலையில் ரெண்டு தடவை போய்வந்தவன். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கப்பலைப் படம் போட்டுக் காட்டினான். நீளமாக ஒரு வாழைப்பூ மாதிரி போட்டு, மாடி மாடியாகக் கோடு கிழித்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தான். "பெரியப்பா, அம்மாவுக்கு வாந்தி வருமா? அப்போ இங்கதான் எடுக்கணும்" என்றான். அந்தப் புள்ளி கீழ்த்தளம், கப்பலின் நடு. மேலே போகப் போக ஆட்டம் அதிகம், முன்னாலும் பின்னாலும் அதிகம். இது எனக்குத் தெரியாததா? பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவனைத் தூக்கித் தூக்கிப் போடும், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்தவன் தூங்கிக்கொண்டே போவான். ஏலகிரிக்குப் போனபோது 14 கொண்டை ஊசி வளைவில் ஆறாவதிலேயே அம்மா பையை எடுத்துவிட்டாள். 2021-ல் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று பார்த்ததற்கே தலை சுற்றுகிறது என்றவள். தண்ணியில்லாத ஆறு என்று ஊரே கேலி பேசும் ஆற்றின் கரையில் பிறந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு எதற்கு உச்சியில் ரூம்?

கப்பல் போகிற வழி மலாக்கா ஜலசந்தி, ரெண்டு பக்கமும் நிலம், அதனால் பெரிய அலை இருக்காது என்கிறான். விடியற்காலையில் சில நாள் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் அடிக்குமாம், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடுமாம். டாக்டரைக் கேட்டு அவோமின், அந்த வாந்தி மாத்திரை, வாங்கிக்கொள்கிறேன். எலுமிச்சம்பழம் கப்பலில் கிடைக்காமலா போகும்.

இன்னும் சொன்னான். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே ரூம் விழுந்தால் காலை ஐந்தரைக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்குமாம். சில ஜன்னல் ரூமுக்கு முன்னால் உயிர்காக்கும் படகைத் தொங்கவிட்டிருப்பார்களாம், கடலுக்குக் காசு கொடுத்துவிட்டுப் படகின் வயிற்றைப் பார்க்க வேண்டியதுதான். ஜன்னல் ரூம் என்றாலும் அந்தக் கண்ணாடியைத் திறக்க முடியாது. இப்போது நீ போட்டிருக்கும் உள்ரூமில் அதுவும் இல்லை, விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்று தெரியாது, ஆனால் தூக்கம் நன்றாக வருமாம். காற்று வாங்க வேண்டுமென்றால் மேல்தளம் இருக்கிறது, அங்கே எல்லோரும் ஒன்றுதான். ராத்திரியில் எதிரே போகிற வருகிற கப்பல்களின் விளக்கு வரிசையாகத் தெரியும் என்றான். அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

நீ அனுப்பியது நேரான விலையும் இல்லை, ஏலம் என்று அவன்தான் பார்த்துச் சொன்னான். ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்பார்கள், இங்கே கூட்டிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். (சீட்டு என்றதும் பழைய கதை ஞாபகம் வரும். அதைக் கிளற வேண்டாம்.) கேட்டது விழுந்தால் காசு திரும்பாது. பால்கனி என்றுதான் வாக்கு, எந்தத் தளம், எந்தப் பக்கம் என்பது கப்பல்காரன் இஷ்டம். இப்போது உன் ரூமும் எங்கள் ரூமும் ஒட்டி இருக்கின்றன. ஏலம் விழுந்தால் நாங்கள் பத்தாவது தளத்தில் ஒரு மூலை, நீங்கள் ரெண்டு பேரும் ஐந்தாவதில். பெரிய காசு கொடுத்து நம்மை நாமே பிரித்துக்கொள்வதா? இதற்காகவே வேண்டாம் என்கிறேன். உன் அம்மாவிடம் வாந்தியைக் காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு கணக்கும் அவனிடம் கேட்டேன். ஒரு ரூமுக்கு ரெண்டு பேர் என்றுதான் காசு போடுகிறார்கள். உன் ரூமில் யாழினிக்கும் பெரியவர் காசுதான் போட்டிருக்கும், பார். அதே ரூமில் மூன்றாவதாக ஒருவர் வந்தால் பெரும்பாலும் குறைத்துத்தான் வாங்குவார்களாம். கட்டிலுக்கு மேலே மடக்கி வைத்த இன்னொரு கட்டில் சில ரூமில் இருக்குமாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் இப்போதே சேர்த்துவிடலாம், பிறகு இடம் இருக்காது. அவருக்கு ஜூனில் வேலை அதிகம் என்று போன வருஷம் சொன்னாய். இந்த வருஷமும் அப்படித்தானா? லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கிடைத்தால் சேர்த்துவிடு. கிடைக்குமா என்று கேட்டாயா?

தீபாவளிக்குப் பிறகு நான் அவர் குரலைக் கேட்கவில்லை, கலை. குளிக்கிறார் என்றாய், ஆபீஸ் என்றாய், தூங்குகிறார் என்றாய். ஒரு மனிதர் அத்தனை குளிப்பாரா என்று உன் அம்மா சிரித்தாள். அவளுக்குச் சந்தேகம் இல்லை, அல்லது இருந்தும் என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் ரெண்டாவது சனிக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தபோது யாழினி பேசினாள். கணக்கில் முழு மார்க் வாங்கியதைச் சொன்னாள். நாளைக்கும் பேசு பாப்பா என்றேன். "நாளைக்கு அப்பா வீட்ல இருப்பேன் தாத்தா, அங்க உங்க நம்பர் இல்ல" என்றாள். சரிடா கண்ணு என்று வைத்துவிட்டேன். குழந்தை ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று முதலில் கோபம் வந்தது. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கப்பல் டிக்கெட் போடத் தெரிகிறது, பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா என்று. அப்புறம்தான் அந்தக் காட்பாடி ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவது பொய். மறந்தால்தானே வருவதற்கு.

கல்யாணமாகி ஏழாவது மாதம். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஒற்றைப் பையோடு வந்து நின்றாய். ரெண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாடியில் துணி எடுக்கும்போது, "அப்பா, கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டாய். அம்மா அடுத்த நிமிஷமே இருக்கட்டுமே என்றாள். நான்தான் மாட்டேன் என்றேன். ரிடையர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கிறது, டிப்போவில் நாலு பேர் கேட்பார்கள், கல்யாணக் கடன் பாதி அடையவில்லை, எல்லா வீட்டிலும் இருப்பதுதான், சமாளித்துக்கொள் என்றேன். என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டேனா? கேட்டால் நீ சொல்லிவிடுவாயே என்று பயந்துகொண்டு கேட்கவில்லை.

காலையில் பிருந்தாவனில் போய்க்கொள்கிறேன் என்றாய். வேண்டாம், சௌகரியமாகப் போகட்டும் என்று சதாப்தியில் டிக்கெட் எடுத்தேன். அதுவரை நம் வீட்டில் யாரும் ஏசி ரயிலில் ஏறியதில்லை. தண்ணீர் பாட்டில், பேப்பர், டிபன் எல்லாம் கொடுப்பார்கள் என்று உன்னிடம் பெருமையாக வேறு சொன்னேன். வண்டி கிளம்பும்போது நீ ஜன்னல் பக்கம் வந்து என்னவோ சொன்னாய். ஏசி பெட்டிக் கண்ணாடி திறக்காது. உன் வாய் அசைந்தது தெரிந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பிளாட்பாரத்தில் கூட நடந்தேன். என்ன சொன்னாய் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. பிறகு நீங்கள் சிங்கப்பூர் போனீர்கள், யாழினி பிறந்தாள். பார்த்தாயா, நான் சொன்னதுதான் சரி என்று உன் அம்மாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை.

அதனால் இப்போது என்னிடம் சொல்ல உனக்குத் தோன்றாததில் குற்றம் இல்லை.

ரூமுக்கு வருகிறேன். பால்கனி வேண்டாம். அந்தப் பையன் கடைசியாக ஒன்று சொன்னான். பக்கத்துப் பக்கத்து ரூம்களில் சிலவற்றுக்கு நடுவில் ஒரு கதவு இருக்குமாம். கேட்டுக்கொண்டால் ரூம் பையன் திறந்துவிடுவானாம், தாழ்வாரத்துக்கு வராமலே போய்வரலாம். எல்லா ரூமுக்கும் அது கிடையாது, முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். உள்ரூமோ ஜன்னல் ரூமோ, எதுவாக இருந்தாலும் சரி, நடுக்கதவு இருக்கிறதா என்று ஏஜென்டைக் கேள். அதற்குக் கூடக் காசு கேட்டால் கொடு, 420 டாலரே ஆனாலும் கொடு. அந்தக் காசு என்னுடையது. போஸ்ட் ஆபீசில் போட்டது அடுத்த மாதம் முடிகிறது, வேண்டாம் என்று வாக்குவாதம் செய்யாதே.

10-ம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அம்மா பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். திங்கட்கிழமை காலையில் அவள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போவாள், பஸ் பிடித்துத் திரும்பி வர 12 ஆகும், போனை எடுத்துப்போவதில்லை. 10 மணிக்கு அடி. உனக்கு அப்போது பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம்தானே. மணி அடித்தால் நான்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா