நான் முறைக்கவில்லை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில், "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு, கோபமா?" என்று கேட்டாய். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம். ஒரு தோசையை நகமளவு பிய்த்துத் தட்டின் ஓரமாக அடுக்கி வைப்பாய். நான் அடுப்படி வாசலில் நிற்பேன். "ஏன் முறைக்கிற?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாய். நான் முறைக்கவே இல்லை, கண்ணு. உன் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயந்துபோய் நின்றிருந்தேன். உன் முகத்திலும் ஒன்றுமே தெரியாது. பிள்ளைக்கு நம்மேல் பாசமே விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா பெற்றோரை உட்காரவைத்துப் பேசியபோதுதான் புரிந்தது. குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் அனோரெக்ஸியா என்ற நோய் வந்த பலருக்கு, எதிரில் இருப்பவர் முகத்தில் தெரிவது பயமா, வருத்தமா, கோபமா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாம். தன் மனதில் இருப்பதற்கே சொல் கிடைக்காமல் தவிப்பதும் உண்டு. அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். சைமன் பாரன்-கோஹென் என்ற ஆராய்ச்சியாளரின் சோதனை ஒன்றைக் காட்டினார். 36 படங்கள், எல்லாவற்றிலும் கண்கள் மட்டும். பக்கத்தில் இருக்கும் நான்கு சொற்களில் பொருந்துவதைச் சொல்லவேண்டும். நானே பலதைத் தப்பாகச் சொன்னேன்.

பசிக்கும் இதில் பங்கு உண்டு. 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர், நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் சிடுசிடுத்தார்கள், ஆட்களை விட்டு ஒதுங்கினார்கள், கொஞ்சம் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் படித்தபோது உன் தோசைத் துண்டுகள்தான் கண்ணில் நின்றன. பிடிவாதம், திமிர் என்று நான் திட்டியதில் எவ்வளவு பசியின் வேலையோ! அம்மாவை மன்னித்துவிடு.

உடம்பு தேறின பிறகும் சிலருக்கு முகம் பார்த்து மனசைப் புரிந்துகொள்ளும் அந்தக் கஷ்டம் கொஞ்சம் மிச்சமிருக்குமாம். அதனால் இனிமேல் நான் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்பேன். நீயும் நேற்று மாதிரியே கேள். முன்னெல்லாம் கேட்காமலே கதவைச் சாத்திக்கொள்வாய்; இப்போது கேட்கிறாய். போனை வைத்துவிட்டு அப்பாவிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா?

அம்மா