நாவலின் ஓரத்தில் ஒரு துறைக்குறிப்பு: நெல்லைச் சீமைத் தமிழாசிரியர்களுக்குத் திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழில் நாவல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அந்தத் தாளுக்கு வினா அமைப்பவர்களுக்கும் வணக்கம்.

சென்ற பருவத் தேர்வில் நான் திருத்திய ஒரு கட்டில் நாற்பது விடைத்தாள்கள் இருந்தன. நாவலின் முதன்மைப் பெண் பாத்திரத்தை விளக்குக என்ற வினாவுக்கு, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அவள் ‘அன்பும் பொறுமையும் தியாக உள்ளமும் கொண்டவள்’ என்று ஒரே வரிசையில் எழுதியிருந்தார்கள். கடைகளில் விற்கும் நோட்ஸில் அவள் தம்பியின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருக்கிறது. அந்தப் பிழையும் அந்தத் தாள்களில் அப்படியே இருந்தது. பிள்ளைகள் நாவலைத் திறக்கவேயில்லை என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால், நாவலைத் திறக்காமலே முழு மதிப்பெண் வாங்கக்கூடிய வினாவை அவர்கள் முன் வைத்தவர்கள் நாம்தான் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பாத்திரப் படைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன், நாவலின் ஓரத்தில் குறிப்பெழுத மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். அதற்கான முறையை வெளியே தேட வேண்டியதில்லை; சங்கப் பாடலின் அடியில், அது யார் எந்தச் சூழலில் பேசுவது என்று சொல்லி நிற்கும் துறைக்குறிப்பிலேயே அது இருக்கிறது.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை நாம் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். ‘தலைமகன் சிறைப்புறமாக, அவன் வரைந்து கொள்ள வேண்டித் தோழி இயற்பழித்தவழித் தலைமகள் இயற்பட மொழிந்தது’ என்பது அதன் துறைக்குறிப்பு. தலைவன் மறைவில் நின்று கேட்க, அவன் தலைவியை மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவன் குணத்தைப் பழித்தபோது, தலைவி அவனைப் புகழ்ந்து சொன்னது என்று பொருள். பேசுகிறவள் யார், யாரிடம் பேசுகிறாள், எந்தப் பேச்சுக்கு மறுமொழியாகப் பேசுகிறாள், மறைவில் நின்று கேட்பவன் யார், அவன் கேட்பதால் என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது. நாவலின் ஒரு காட்சிக்கு ஒரு மாணவி இதைப் போல ஒரு வரி எழுதிவிட்டால், அந்தப் பாத்திரத்தைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்று பொருள்.

வகுப்பில் ‘சிறைப்புறம்’ என்ற சொல்லை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “சாடையாப் பேசுறதுதானம்மா? எங்க வளவுல தெனமும் நடக்குமே” என்றாள். அன்றைக்கு அந்தப் பாடத்தை நடத்தியது அவள்தான் என்று சொல்லலாம். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் இருக்கும் வளவில் வளர்ந்த பிள்ளைக்கு, மருமகளிடம் சொல்வதுபோல அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லப்படும் சொல் எது என்று தெரியும். அந்தக் காதோடு அவள் நாவலைப் படிக்கிறாளா என்பதுதான் கேள்வி. அந்த வாரம் நாவலில் இருவர் பேசும் ஒரு காட்சியைக் கொடுத்து, கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவர் யார் என்று மட்டும் ஓரத்தில் எழுதச் சொன்னேன். நான் பல முறை நடத்திய அத்தியாயத்தில் திண்ணையில் படுத்திருந்த கிழவரை எனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

விளிச்சொற்களிலும் நம் பிள்ளைகளுக்கு இதே வலிமை உண்டு. ‘வாரும்வே, உக்காரும்’ என்று நெடுநாள் பேசிவந்த ஒருவர், ஒரு நாள் திடீரென்று ‘நீங்க வாங்க’ என்கிறார். வெளியூர் வாசகருக்கு மரியாதை கூடியதாகத்தான் தோன்றும். நம் ஊர்ப் பிள்ளைக்கு உறவு விட்டுப்போயிற்று என்று புரியும். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ‘இதுவரை நீர், இனி நீங்க’ என்று எழுதினால், அது நோட்ஸில் வரும் பத்து அடைமொழிகளைவிடப் பெரிய சான்று.

குறிப்பு எழுதுவதில் ஒரு சிக்கலும் உண்டு. வண்ணநிலவன் எழுதி 1977இல் வந்த ‘கடல்புரத்தில்’ மணப்பாட்டுக் கடற்கரையின் கதை. அதில் வரும் மீனவர் குரூஸ் மிக்கேலின் வல்லம் என்ற மீன்பிடி படகு பேசப்படும் ஒரு பக்கத்தில், கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, ‘எங்கப்பா படகை வித்த அன்னைக்கு ராத்திரி சாப்பிடல’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்து என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை. ஆயினும் அது அவள் தந்தையைப் பற்றிய குறிப்பு, குரூஸ் மிக்கேலைப் பற்றியது அன்று. அதை அழிக்கச் சொல்லவில்லை. அந்த நினைவைக் கிளப்பிய சொல் இந்தப் பக்கத்தில் எது என்று கேட்டு, அதன் கீழே கோடிடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, அந்தச் சொல்லையும் பிறகு அது திரும்ப வரும் பக்கங்களின் எண்களையும் எழுதி வந்தாள். நெஞ்சைத் தொட்டதிலிருந்து நூலில் உள்ளதற்கு வரும் அந்த இரண்டு நாள் வேலையைத்தான் நாம் கற்பிக்க வேண்டும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூலகப் பிரதியில் எழுதக்கூடாது. ஆகவே பழைய தாள்களை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பக்க எண் போட்டுப் பக்கங்களுக்கிடையே செருகச் சொல்கிறேன். மஞ்சள் ஹைலைட்டரை அனுமதிப்பதில்லை. அது பக்கம் முழுவதையும் நிறமாக்குமே தவிர ஒரு சொல்லும் எழுத வைக்காது. முதல் வாசிப்பில் நின்ற இடங்களுக்கு ஓர் அடையாளம் போதும். இரண்டாம் வாசிப்பில் காட்சிக்கு ஒரு துறைக்குறிப்பு. பிறகு ஒரு பாத்திரத்தின் துண்டுகளை மட்டும் உருவிப் பக்க வரிசையில் மேசைமேல் பரப்பினால், ஒன்றோடு ஒன்று பொருந்தாத இரண்டு துண்டுகள் கட்டாயம் தட்டுப்படும். ஒரு துண்டில் கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்தவர், இன்னொரு துண்டில் ஊர்க்கூட்டத்தில் தனியாக எழுந்து நிற்பார். கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும். ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்வதைக் கண்டோர் கூற்று என்று தனியாக அடுக்க வேண்டும். அதில் பாதி, சொன்னவரின் குணத்தையே காட்டும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் அதே அட்டவணைக்குள்தான் நிற்கிறேன். நாவல் முழுவதையும் கதை சொல்லி முடிக்கும் வகுப்புகளைக் குறைத்து, மூன்று காட்சிகளை மட்டும் வகுப்பில் இப்படிப் படித்தாலும் போதும். மற்றவற்றை அவர்களே படித்துவிடுகிறார்கள்.

வினா அமைப்பவர்களுக்கு ஒரு சொல். பாத்திரப் படைப்பு நெடுவினாவை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில், நாவலிலிருந்து அரைப்பக்கத்தை வினாத்தாளிலேயே அச்சிட்டு, இது யார் கூற்று, யார் கேட்க நிகழ்கிறது, இதற்குப்பின் இவர்களுக்கிடையே மாறுவது என்ன, அதற்கு இந்தப் பத்தியிலுள்ள சான்றுச் சொல் எது என்று கேளுங்கள். வரும் பருவத்தில் ஒரே ஒரு வினா இப்படி வந்தால் போதும். மாதிரி வினாக்கள் சிலவற்றையும், மாணவியர் எழுதிய துண்டுத்தாள்கள் செருகிய பிரதி ஒன்றையும் அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு நானே எடுத்து வருகிறேன்.

இங்ஙனம்,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தமிழாசிரியை